அண்டை வீட்டு நெருப்பு

அண்டை வீட்டில் நெருப்பு வாங்கி அடுப்பு மூட்டிய காலம் ஒன்று இருந்தது. கொடுத்தவருக்கு அதனால் குறைவில்லை, வாங்கியவருக்கு இழிவில்லை. இன்று நெருப்பின் இடத்தை மின்சாரம் பிடித்துக்கொண்டது. வீடுகளைப் போலவே நாடுகளும் அண்டை நாட்டின் வாயிலில் நிற்கின்றன. ஆனால் மின்சாரம் கொடுத்தால் குறையும். பெருமளவில் சேமித்து வைப்பதும் எளிதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு விசையைத் தட்டினால் நொடியில் நின்றுவிடும். எனவே, உயிர்நாடியான ஒரு பொருளுக்கு அண்டை நாட்டை நம்பியிருப்பது அறிவுடைமையா? விசையைக் கையில் வைத்திருப்பவனுக்கு உரிய கடமை என்ன? இவ்விரு வினாக்களையும் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்தில் மாலையில் எரியும் ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம். அதன் ஒளி எந்த ஊருடையது? நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றும், கூடங்குளத்தின் அணுவும் அதில் கலந்திருக்கின்றன. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் பெருந்தொகுப்புடன் இணைந்தது. பின்னர்ச் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 6,000 மெகாவாட் சுமக்கும் பாதையும் வந்தது. பூட்டானின் ஆறுகளும் அதே தொகுப்பில்தான் சேர்கின்றன. 1974இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இந்தியாவின் உதவியோடு எழுந்த 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையம் 1986 முதல் 1988 வரை படிப்படியாக இயங்கத் தொடங்கிற்று. இவ்வாறு பலர் உழைப்பும் பல மண்ணின் வளமும் கலந்து வரும் ஒளியை ‘என்னுடையது’ என்று ஒருவர் மட்டும் சொல்லிக்கொள்ள இயலுமா?

பக்கத்து வாணியம்பாடி வழியே செல்லும் பாலாறு நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. கருநாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து நம்மிடம் வரும் அந்த ஆற்றில் மேல்மடைக்காரர் என்றும் மேல்மடைக்காரரே. கடைமடைக்காரர் என்றும் கடைமடைக்காரரே. 1892ஆம் ஆண்டு உடன்படிக்கை இருந்தும் வழக்குகள் ஓயவில்லை. மின்கம்பி அப்படிப்பட்டதன்று. இன்று கொடுப்பவர் நாளை வாங்கலாம். மழைக்காலத்தில் மிகும் நேபாளத்தின் நீர்மின்சாரம் வெளியே செல்கிறது. ஆறுகள் வற்றும் குளிர்காலத்தில் அதே நேபாளம் இந்தியாவிடம் வாங்குகிறது. இருபுறமும் கைநீட்ட வேண்டியிருப்பதால், இருபுறமும் நாவடக்கமும் நேர்மையும் வேண்டப்படுகின்றன.

முதல் கடமை, பங்குக்கு மீறி எடுக்காமை. 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியா இருளில் மூழ்கியது. இரண்டாம் நாள் பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 60 கோடிப் பேர். சில மாநிலங்கள் அளவுக்கு மீறி இழுத்தமை அதற்கு ஒரு காரணம். பந்தியில் ஒருவர் இரண்டு இலை போட்டால் கடைசி வரிசைக்குச் சோறு இராது. மின்தொகுப்பிலோ பந்தியே கவிழ்ந்துவிடுகிறது.

இரண்டாவது, கடனை அடைத்தலும் கடன்பட்டவரை நெரிக்காமையும். ஜார்க்கண்டின் கொட்டா அனல் நிலையம் பங்களாதேசத்துக்கென்றே அமைந்தது. டாலர் பற்றாக்குறையால் பாக்கி பெருகவே, 2024 நவம்பரில் அங்கு செல்லும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. விற்றவர் பணம் கேட்பது நியாயமே. ஆனால் அந்தப் பாக்கியை வைத்தவர் எவரோ, மருத்துவமனையில் இருளைக் கண்டவர் எவரோ! கணக்கில் நியாயமானது அறத்திலும் முழு நியாயமாகிவிடுமா என்பது எண்ணத்தக்கது.

மூன்றாவது கடமைதான் மிகக் கடினமானது: சினத்தில் விசையைத் தட்டாமை. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு நன்கு தெரிந்த வளைகுடாவே இதற்குச் சான்று. 2017 ஜூனில் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நாடுகள் கத்தாருடன் உறவை முறித்துக்கொண்டன. தரை எல்லை மூடப்பட்டது, வான்வழி அடைக்கப்பட்டது. ஆனால் கத்தாரிலிருந்து அமீரகத்துக்குக் கடலடியில் செல்லும் டால்பின் எரிவாயுக் குழாய் மூடப்படவில்லை. நிறுத்த முடியும் என்றாலும், சகோதரரான அமீரக மக்களுக்குத் தீங்கு நேரும் என்பதால் நிறுத்தவில்லை என்று கத்தார் பெட்ரோலிய நிறுவனத் தலைவர் அறிவித்தார். 2021 ஜனவரியில் உறவு மீளும் வரை எரிவாயு ஓடிக்கொண்டே இருந்தது. அதில் வணிக நலனும் கலந்திருக்கலாம். இருந்தாலென்ன? தன்னை முற்றுகையிட்ட வீட்டின் அடுப்பை அணைக்காத அண்டை வீட்டாரை உலகம் அன்று கண்டது. அண்டை வீட்டாரின் உரிமை பகைமை வந்தவுடன் காலாவதியாகிவிடுவதில்லை என்று படித்து வளர்ந்த நமக்கு இதன் அருமை விளங்கும்.

இனி நமக்கு மிக அருகிலுள்ள இலங்கையைப் பார்ப்போம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 2022 மார்ச் இறுதியில் அங்கே நாள்தோறும் 13 மணிநேரம் மின்வெட்டு நிலவியது. அந்நேரத்தில் உதவ ஒரு கம்பி இருக்கவில்லை. இணைப்பைப் பற்றி 2010இலேயே புரிந்துணர்வு ஏற்பட்டிருந்தும், 2025 ஏப்ரலில் மீண்டும் ஓர் உடன்படிக்கைதான் கையெழுத்தாயிற்று. செலவும் தொழில்நுட்பமும் தடை என்பர். சிறிய நாட்டின் உள்ளத்தில் இருக்கும் அச்சமும் ஒரு தடையே. விசை பெரியவன் கையிலன்றோ இருக்கும்? அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று நாம் தள்ளிவிடலாகாது. அதைப் போக்க வேண்டிய பொறுப்பு பெரியவனுடையது.

ஆகவே, அண்டை நாட்டை நம்புவது இழிவன்று. நம்பத் தகாதவனாக நடப்பதே இழிவு. எல்லாம் தன் சுவருக்குள் இருக்க வேண்டும் என்று எண்ணுபவன் அதிக விலை கொடுத்து அதிக இருளையே வாங்குவான். எனினும் நம்பியிருப்பவனும் தன் வீட்டில் ஓர் அகலையாவது அணையாமல் வைத்திருத்தல் நன்று. அது அவநம்பிக்கை அன்று, முன்னெச்சரிக்கை. விசையை வைத்திருப்பவனோ அதைத் தன் உடைமையாக அன்றி, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகக் கருத வேண்டும். கடலுக்கடியில் கம்பி போட ஒரு சில ஆண்டுகள் போதும். அந்த எண்ணம் ஆள்வோர் உள்ளத்தில் வேரூன்ற அதனினும் நெடுங்காலம் ஆகும். ஆதலால் இன்றே தொடங்குவோமாக.