பாதியில் திரும்பினாலும் புண்ணியமே!

நண்பர்களோடு கயிலாய யாத்திரை புறப்படுகிறீர்களா? ரொம்ப சந்தோஷம்!

6,638 மீட்டர் உயரமுள்ள அந்தப் பனிமலையின் உச்சியில் யாரும் ஏறுவதில்லை. சுமார் 52 கிலோமீட்டர் வலம் வருவதே வழிபாடு. இரண்டாம் நாள் வரும் டோல்மா கணவாய்தான் பெரும் சோதனை. 5,600 மீட்டருக்கும் மேல்! கடல் மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதிதான் அங்கே கிடைக்கும்.

அந்த ஏற்றத்தில் உங்கள் நண்பருக்குத் தலைவலி, வாந்தி, நடை தள்ளாடுகிறது. உடனே கீழே அழைத்துச் செல்வதுதான் முதல் மருந்து. கணவாயோ கண்ணெதிரே! 'சுமைகூலிக்காரர் பார்த்துக்கொள்வார், நாம் போகலாம்' என்று மனம் சொல்லும். என்ன செய்வீர்கள்?

அப்பர் பெருமானை நினைத்துக்கொள்ளுங்கள். கயிலை காண நடந்தார், கால் தேய்ந்ததும் கையால் தவழ்ந்தார், மார்பால் நகர்ந்தார், உருண்டார். அப்படியும் மலையை எட்ட முடியவில்லை. முனிவராக வந்த இறைவன் பொய்கையில் மூழ்கச் சொன்னார். எழுந்த இடம் திருவையாறு! கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது. ஈசன் தூரத்தை அளக்கவில்லை; ஏக்கத்தையே பார்த்தார். ஆடி அமாவாசைதோறும் ஐயாற்றில் இந்த விழா நடக்கிறது.

இமயம் ஏறிய தருமரோ, கூட வந்த நாயை விட்டுவிட்டுக் கிடைக்கும் சொர்க்கமே வேண்டாம் என்றார். நாயாக வந்தது தர்மதேவதை!

ஆகவே, தயங்காமல் நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். மலை அங்கேயே இருக்கும். ஈசன் உங்களோடு இறங்கி வருவார்!