கொடுப்பதற்கும் உரிமை வேண்டும்

எந்த நிறுவனத்தையும் சாராமல் ஒருவர் தானே எழுதி, தானே பாடி, தானே இசையமைத்துப் பதிவும் செய்கிறார் என்றால், அதைச் சுதந்திரம் என்று சட்டெனச் சொல்லிவிடுகிறோம். கேட்பாரில்லை, தடுப்பாரில்லை, தன் பாட்டு தன் விருப்பம். ஆனால் அந்தச் சுதந்திரம் எதற்காக? கைக்கு வந்த உரிமையை வைத்து ஒருவர் என்ன செய்கிறார்?

இங்கிலாந்துப் பாடகி இமோஜன் ஹீப் அதற்கு வாழ்ந்தே விடை சொன்னவர். 1998இல், இருபது வயதில், ‘ஐ மெகாஃபோன்’ என்ற முதல் ஆல்பத்தை ஒரு லேபிள் வழியாக வெளியிட்டார். அந்த லேபிள் நிலைக்கவில்லை. பிறகு இசைத் தயாரிப்பாளர் கை சிக்ஸ்வொர்த்துடன் சேர்ந்து ‘ஃப்ரூ ஃப்ரூ’ என்ற பெயரில் 2002இல் ஓர் ஆல்பம் செய்தார். அடுத்த ஆல்பத்துக்கு அதை வெளியிட்ட நிறுவனம் முன்வரவில்லை. இரண்டு முறையும் பாட்டுக்குக் குறையில்லை. அது வெளிவருவதா, வேண்டாமா என்ற முடிவுதான் பாடியவர் கையில் இல்லை.

மூன்றாம் முறை அவர் எந்தக் கதவையும் தட்டவில்லை. லண்டனில் இருந்த தன் வீட்டை அடமானம் வைத்துப் பணம் திரட்டினார். கெடு ஓராண்டு. ஆல்பத்தின் மாஸ்டரிங் என்ற இறுதி ஒலிச்சீரமைப்பு வேலைக்கான நாளை முன்கூட்டியே குறித்துவிட்டுத்தான் பதிவில் உட்கார்ந்தார். தனியாக வேலை செய்பவரை விரட்ட யாருமில்லை. அதனாலேயே வேலை முடியாமல் போகும் ஆபத்து அவருக்குத்தான் அதிகம். இன்னும் ஒரு தந்தி, இன்னும் ஒரு தாளம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். நிறுத்தச் சொல்லும் அதிகாரியாகவும் அவரே இருந்தாக வேண்டும்.

அந்த ஆல்பத்தில் ‘ஹைட் அண்ட் சீக்’ என்றொரு பாடல். கணினி பழுதாகிப் போன ஒரு நாளில், குரலைப் பல சுரங்களாகப் பிரித்துத் தரும் கருவி ஒன்றைக் கீபோர்டோடு இணைத்துப் பாடிப் பார்த்ததில் பிறந்தது. தாளம் இல்லை, கிட்டார் இல்லை. ஒரே குரல், தனக்குத் தானே துணைக்குரலாகிறது. அதற்கு மேல் எதையும் சேர்க்காமல் விட்டதுதான் அதில் தயாரிப்பாளராக அவர் செய்த பெரிய வேலை. 2005இல் ‘ஸ்பீக் ஃபார் யுவர்செல்ஃப்’ என்ற பெயரில், சொந்த லேபிளில் ஆல்பம் வெளிவந்தது.

‘ஹைட் அண்ட் சீக்’ பாடலுக்கு நேர்ந்தது கவனிக்க வேண்டியது. அந்தப் பாடல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஒலித்து எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. 2009இல் பாடகர் ஜேசன் டெருலோ அதன் ஒரு பகுதியை எடுத்துத் தன் பாடலுக்குள் வைத்தார். அது அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு ‘எலிப்ஸ்’ ஆல்பத்தின் ஒலிப்பதிவுக்காக ஹீப்புக்கு கிராமி விருது கிடைத்தது. தான் வளர்ந்த வீட்டிலேயே ஸ்டூடியோ அமைத்துச் செய்த ஆல்பம் அது.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்றதை அவர் பூட்டி வைத்திருக்கலாம். அவர் போனது எதிர்த்திசையில். 2011இல் ரசிகர்கள் பதிந்து அனுப்பிய ஒலிகளைக் கோத்து ஒரு பாடல் செய்தார். கையசைவால் இசையைக் கட்டுப்படுத்தும் கையுறைகளைத் தன் குழுவோடு உருவாக்கினார். அவை இன்று மற்ற கலைஞர்களின் கைகளிலும் இருக்கின்றன. 2015இல் ‘டைனி ஹியூமன்’ பாடலை பிளாக்செயின் என்ற பகிர்வுக் கணக்கேட்டுத் தொழில்நுட்பம் வழியாக வெளியிட்டு, கேட்பவர் தரும் பணம் பாட்டில் உழைத்தவர்களுக்கு நேரடியாகப் பிரிந்து போகும் வழியைச் சோதித்துப் பார்த்தார்.

இதில் முரண் ஏதுமில்லை. அடுத்தவர் கையில் இருக்கும் பாட்டை நாம் இழக்கலாம், கொடுக்க முடியாது. கொடுப்பதற்கு முதலில் அது நம்முடையதாக இருக்க வேண்டும். இசைக்கு மட்டுமல்ல, நேரம், உழைப்பு, அறிவு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பறிபோனதைத் தியாகம் என்று சொல்லித் தேற்றிக்கொள்பவர்கள் பலர். தனதாக்கிக்கொண்டபின் திறந்துவிடுபவர் சிலர். தனக்கென்று போராடி வாங்கும் உரிமை சுயநலமாகத் தெரியலாம். ஆனால் அந்த உரிமை இல்லாதவனின் ஈகைக்குப் பெயர் ஈகை அல்ல, பறிகொடுத்தல்.