தலையெழுத்தும் தலைக்குள் எண்ணும்

நினைவு தடுமாறும் முதியவளைப் பார்த்து, "எல்லாம் தலையெழுத்து!" என்று சொல்லிப் பழகிய நாடு இது. எழுதியவன் யார், படித்தவன் யார் என்று கேட்டோம் நாம். விடையில்லை. விஞ்ஞானமோ மண்டைக்குள்ளேயே பார்த்துவிட்டது!

1976-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், கதிரியக்கமூட்டிய சர்க்கரை போன்றதொரு பொருளை ஊசிமூலம் செலுத்தி, மனித மூளையைப் படம் எடுத்தனர். உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை உண்கிறது. எந்தப் பகுதியில் பசி குறைந்தது என்பதைப் படம் காட்டியது. 2002-இல் மும்பையில் 'பெட்' கருவி நிறுவப்பட்டு, இந்தியாவிலும் அம்முறை காலூன்றியது.

படம் பிறகு எண்ணாயிற்று. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அளந்து சொல்ல, 2015-இல் 'சென்டிலாய்டு' அளவுகோலை அறிஞர்கள் வகுத்தனர். நோயற்ற இளையோரின் சராசரி 0; நோய் தெளிவாகத் தெரிந்தோரின் சராசரி 100. இவை சராசரிகள், எல்லைகள் அல்ல. 0-க்குக் கீழும், 100-க்கு மேலும் ஒருவருக்கு எண் வரலாம். சிறுமூளையோடு ஒப்பிட்டே அந்தக் கணக்கும் போடப்படுகிறது. ஆம், வானிலிருந்து இறங்கிய வாக்கன்று அது. மனிதர் கூடி வகுத்த ஒப்பீடு!

அந்த எண் வேண்டும். நோயை அறியவும், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் அது உதவும். ஆனால், அமிலாய்டு படிந்திருந்தும் தெளிந்த அறிவோடு வாழும் முதியோர் உண்டு. படிவை அளக்கும் கோல், பண்பை அளக்காது, அன்பை அளக்காது, ஒருவரின் விருப்பத்தையும் அளக்காது.

நாவலூரின் கண்ணாடி மாளிகைகளிலே நாள்தோறும் எண்களோடு உழைக்கும் இளைஞர்களே! "அம்மாவின் எண் ஏறிவிட்டது, இனி அவரைக் கேட்பானேன்?" என்று வீட்டை விற்கத் துணிந்தால், அது பகுத்தறிவா? ஏட்டுச்சுவடிக்குப் பதில் மருத்துவ அறிக்கை. சோதிடனுக்குப் பதில் கருவி. தலையெழுத்து அப்படியே இருக்கிறது, மை மட்டும் மாறியிருக்கிறது!

பகுத்தறிவு எண்ணுக்கும் மண்டியிடாது. எதை அளந்தீர், எதனோடு ஒப்பிட்டீர் என்று மருத்துவரைக் கேட்கும். கேட்டறிந்தபின், அந்தத் தாயின் அருகே அமர்ந்து, "உங்கள் விருப்பம் என்னம்மா?" என்றும் கேட்கும். முதற்கேள்வி அறிவு, இரண்டாவது அறம். இரண்டையும் கேட்பவனே பகுத்தறிவாளன்!