இனவழிவும் உயிரின் நித்தியத்துவமும்

உயிர் அநாதி, நித்தியம், அதனை ஆக்குவாரும் அழிப்பாரும் இலர் என்பது சைவசித்தாந்தத் துணிபு. இத் துணிபைப் பற்றிக்கொண்டே சிலர் ஓர் ஐயம் எழுப்புவர். ஒரு விலங்கினமோ பறவையினமோ உலகினின்றும் அடியோடு ஒழியினும், அவ்வுடம்புகளில் நின்ற உயிர்கள் ஒழிந்தில, அவை வேறுடம்பெடுக்கும். அங்ஙனமாக, ஓரினம் அழிதலால் வருங் குறை யாது என்பது அவர் வினா.

அமெரிக்க நாட்டிற் கதிரவனை மறைக்குமளவு திரண்டு பறந்த புறாவினம் ஒன்றுண்டு. விற்பனையின்பொருட்டு அது வரையின்றி வேட்டையாடப்பட்டது. அவ்வினத்தின் இறுதிப் பறவை 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் சின்சினாட்டி நகரத்து விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. அந்நாள் உலகம் இழந்தது உயிரன்று. உயிர்க்கு அமைந்த ஓர் உடம்புவகை என்க.

உடம்புதானே என இதனை இகழலாகாது. ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு அறிவு விளங்குதற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் தனு கரண புவன போகங்களை அருளினான். எண்பத்துநான்கு நூறாயிர யோனிபேதமும் உயிர் வினைப்பயன் நுகர்ந்து பக்குவமெய்துதற்கு அவன் வகுத்த படிகளாம். ஆனைக்காவில் யானையும் சிலந்தியும், மதுரையில் நாரையும், புள்ளிருக்குவேளூரிற் சடாயுவும் அவனருள் பெற்றமையைப் புராணங் கூறும். ஆதலின் ஓரினத்தை ஒழிப்பவன் அருள் நிகழுமிடம் ஒன்றனைத் தகர்த்தவனாவன்.

இறைவன் அவ்வுயிர்கட்கு வேறுடம்பு தர வல்லனன்றோ எனின், வல்லனே. அரசன் ஏழைகட்கு அமைத்த அறச்சாலையை ஒருவன் கொளுத்தினால், அரசன் பிறிதோரிடத்துச் சோறிடுவான். அதனாற் கொளுத்தினவன் குற்றம் குறையாது. இறைவனும் சங்கரிக்கின்றானே எனின், அது பிறந்திறந்து எய்த்த உயிர்க்கு இளைப்பொழித்தல். மீளத் தோற்றுவிக்க வல்லவன் செய்வது. மனிதனோ ஒழிக்க வல்லன். ஒரு சிறகையேனும் மீளப் படைக்க வல்லனல்லன்.

இனி, கருதாது செய்த அழிவிற்குக் குற்றமுண்டோ என்பது ஆராயத்தக்கது. பரதகண்டமெங்கும் பரந்திருந்த வெண்முதுகுப் பாறு என்னுங் கழுகினம், 1992-க்கும் 2007-க்கும் இடையில் 1000-க்கு 999 என்னும் அளவில் அற்றது. கால்நடையின் நோவு தணிக்க இட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, அதன் பிணத்தை உண்ட கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லுதலை 2004-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். பசுவின் நோவுக்கு இரங்கியவனிடத்துக் கொலைநினைவு இல்லை. அவன் செயல் அறியாமையின்பாற் பட்டது. 2006-இல் இந்திய அரசு அம்மருந்தைக் கால்நடைக்கு வழங்குதலை விலக்கியது. கழுகிற்குத் தீங்கில்லாத மெலாக்சிகம் என்னும் மாற்று மருந்தும் உளது. அதன்பின்னரும் மனிதர்க்கெனச் செய்த மருந்தை மாட்டிற்கு இட்டமையால், 2015-இல் அதன் பெரும்புட்டிகளும் விலக்கப்பட்டன. அறிந்தபின் செய்வது அறியாமையன்று; தன்பயன் ஒன்றையே காட்டிப் பிறவுயிரை மறைக்கும் ஆணவத்தின் செயலே.

திருக்கழுக்குன்றத்தில் நெடுங்காலம் நண்பகலில் வந்து அமுதுண்ட கழுகுகள் இப்போது வருவதில்லை. அவை மஞ்சள்முகப் பாறு என்னும் வேறினத்தன; அவ்வினமும் உலகில் அருகி வருகின்றது. அத்தலத்தை வணங்குவோர், வெறிதாய்க் கிடக்கும் அப்பாறையையும் ஒருகால் நோக்குவாராக. எவ்வுயிர்க்கும் இரங்குதல் சிவபுண்ணியத்திற்கு முதற்படியாதலின், அறிந்த தீங்கினின்றும் கையை மீட்டுக்கொள்ளுதல் அடியார்க்கு வழிபாட்டின் வேறன்று.

திருச்சிற்றம்பலம்.