ஏமாற்றிப் பெற்ற உண்மை: சமூகவியல் ஆய்வின் அறக்கேள்வி

சமூகவியல் ஆராய்வது மனிதர்களின் வாழ்க்கையை. தன்னைப் பற்றிய உண்மை வெளிவந்ததால் வேலையையோ மானத்தையோ இழக்கும் நிலை உப்புக்கும் அமிலத்துக்கும் இல்லை; மனிதருக்கு உண்டு. அதனால் இந்தத் துறையில் எது உண்மை என்ற கேள்வியோடு, அந்த உண்மையை எந்த வழியில் பெறலாம் என்ற கேள்வியும் சேர்ந்தே எழுகிறது. அறிவு பெருகுவது நன்மை என்றால், அந்த நன்மைக்காக ஒருவரை ஏமாற்றலாமா?

இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியது லாட் ஹம்ஃப்ரீஸின் ஆய்வு. கிறிஸ்தவ மதகுருவாக இருந்து சமூகவியலுக்கு வந்த அவர், 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், பூங்காக் கழிப்பறைகளில் ஆண்கள் ஆண்களோடு ரகசியமாக உறவுகொள்வதை ஆராய்ந்தார். அன்றைய மிசௌரி மாநிலச் சட்டப்படி அது குற்றம். யாராவது வருகிறார்களா என்று பார்த்துச் சொல்லும் காவலாளாக நின்றபடியே அவர் அனைத்தையும் கவனித்தார். வந்தவர்களின் கார் எண்களைக் குறித்துக்கொண்டார். வேறொரு காரணம் சொல்லி, அந்த எண்களைக் கொண்டு காவல்துறை வழியாகப் பெயர்களையும் முகவரிகளையும் பெற்றார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, தோற்றத்தையும் உடையையும் காரையும் மாற்றிக்கொண்டு, சுகாதாரக் கணக்கெடுப்பு என்று சொல்லி அவர்களில் 50 பேரை வீடு தேடிச் சென்று பேட்டி கண்டார். மனைவியும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அமர்ந்து பதில் சொன்னவருக்கு, எதிரே இருப்பவர் தன்னை முன்பே எங்கே பார்த்தவர் என்பது தெரியாது.

1970இல் ‘டீரூம் டிரேட்’ என்ற நூலாக வெளிவந்த இந்த ஆய்வு மதிப்புமிக்க ஓர் உண்மையைச் சொன்னது. அந்த ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மணமானவர்கள்; அக்கம்பக்கத்தில் நற்பெயரோடு வாழ்ந்தவர்கள். ஆபத்தானவர்கள், சிறுவர்களுக்குக் கேடு செய்பவர்கள் என்று அவர்களைப் பற்றி நிலவிய எண்ணத்தை அது உடைத்தது. எந்தப் பெயரும் வெளியாகவில்லை. அப்படியானால் இதில் தவறு என்ன?

செயலின் நன்மை தீமையை விளைவைக் கொண்டு அளக்கும் பயன்வாதம் ஹம்ஃப்ரீஸுக்குத் துணை நிற்பதுபோல் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டவர் யார்? ஆய்வாளர் மட்டுமே. பட்டமும் புகழும் அவருக்கு வரும். பட்டியல் காவல்துறையின் கைக்குப் போயிருந்தால் சிறையும் குடும்பச் சிதைவும் மற்றவர்களுக்கு வரும். லாபம் ஒருவருக்கு, ஆபத்து இன்னொருவருக்கு என்ற நிலையில், ஆபத்தைச் சுமப்பவரைக் கேட்காமல் எடுத்த முடிவை நியாயம் என்று சொல்ல முடியாது. தீங்கு நேராமல் போனதும் அந்த முடிவை நியாயமாக்கிவிடாது. மனிதரை இன்னொரு நோக்கத்துக்கான வெறும் கருவியாக நடத்தக்கூடாது என்ற தத்துவஞானி காண்ட்டின் அறம் இங்கேதான் பொருந்துகிறது. பொது இடத்தில் கவனித்தது ஒருவகை. பொய் சொல்லி வீட்டுக்குள் நுழைந்தது வேறுவகை. கார் எண்ணைப் பின்தொடர்ந்து வீடுகளில் பேட்டி கண்ட பகுதி குறித்த கண்டனத்தை ஹம்ஃப்ரீஸே 1975ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒப்புக்கொண்டார்.

முறைப்படி இசைவு பெறுவதோடு கடமை முடிவதில்லை. ஆய்வில் பங்கேற்றவர் சொன்னதை ரகசியமாகக் காப்பது அடுத்த கடமை. ரிக் ஸ்கார்ஸ் என்ற ஆய்வு மாணவர், விலங்குரிமை, சூழலியல் போராளிகளை ஆராய்ந்தவர். அவர்கள் நம்பிச் சொன்னதை நீதிமன்றத்தில் வெளியிட மறுத்ததால், 1993இல் வாஷிங்டன் மாநிலத்தில் 159 நாள் சிறையில் இருந்தார். கொடுத்த வாக்குக்கு அவர் அளித்த விலை அது.

பெயரை மாற்றி எழுதுவதும் எப்போதும் போதுமான காப்பு ஆகாது. ஆய்வாளர்கள் ஆர்தர் விடிச்சும் ஜோசஃப் பென்ஸ்மனும் நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றுக்கு ‘ஸ்பிரிங்டேல்’ என்று பெயர் சூட்டி 1958இல் நூல் வெளியிட்டனர். வெளியூர்க்காரருக்கு அது எந்த ஊர் என்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் உள்ளூர்க்காரர்கள் தங்களை அடையாளம் கண்டுகொண்டனர். சுதந்திர தின ஊர்வலத்தில் நூலில் தங்களுக்குச் சூட்டப்பட்ட பெயர்களோடு முகமூடி அணிந்து வந்து எதிர்ப்பைக் காட்டினர்.

இந்தக் கடமைகள் ஆய்வாளரின் மனசாட்சிக்கு மட்டும் விடப்படவில்லை. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் மேகநோயைக் குணப்படுத்தாமல் கவனித்து மட்டும் வந்த மருத்துவ ஆய்வு அம்பலமானபின், அமெரிக்கா 1974இல் தேசிய ஆராய்ச்சிச் சட்டத்தை இயற்றியது. அதன் வழி அமைந்த ஆணையம் தந்த பெல்மாண்ட் அறிக்கை 1979இல் வெளியானது. மனிதரை மதித்தல், நன்மை செய்து தீங்கைத் தவிர்த்தல், சுமையையும் பயனையும் நியாயமாகப் பகிர்தல் என்ற மூன்றும் அதன் அடிப்படைகள். இன்றைய அறநெறிக் குழுக்கள் பலவும் இவற்றை ஒட்டியே இயங்குகின்றன.

ஆனாலும் படிவத்தில் கையெழுத்து வாங்குவதே அறம் ஆகிவிடாது. கடன்பட்டு நிலத்தை இழந்தவருக்குக் கையெழுத்து என்றாலே அச்சம். அவரிடம் விளங்கச் சொல்லி வாய்மொழியாகப் பெறும் சம்மதமே மேல். ஊர்த் தலைவர் தரும் அனுமதி, அந்த ஊரின் பெண்களோ கூலித் தொழிலாளரோ தந்த அனுமதி ஆகாது.

மறைந்திருந்து செய்யும் ஆய்வு எல்லாமே தவறா என்றால், இல்லை. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1950களில் வாஷிங்டன் நகர மனநல மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருந்தபடி செய்த ஆய்வு, மேலிடத்துக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அது அடைபட்டுக் கிடந்த நோயாளிகளின் நிலையை உலகுக்குக் காட்டியது. கதவைச் சாத்திக்கொண்டு அதிகாரம் செலுத்தும் நிறுவனங்களை ஆராய வேறு வழி இல்லாதபோது, தனிமனிதருக்குத் தீங்கு நேராது என்ற உறுதியோடும், ஆய்வாளர் அல்லாத பிறர் சீர்தூக்கித் தந்த ஒப்புதலோடும் இத்தகைய மறைவான ஆய்வை ஏற்கலாம். வலியவரின் மறைப்பைத் திறக்கத் தரும் இந்த விலக்கை, எளியவரின் அந்தரங்கத்துக்குள் நுழையும் உரிமையாக நீட்டக்கூடாது. ஆபத்து யாருடையதோ, அவருக்கே மறுக்கும் உரிமை. சமூகவியல் ஆய்வின் முதல் விதி இதுவாகவே இருக்க வேண்டும்.