சொல்லிவிடுகிறேன்

நாவலூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. பழைய மாமல்லபுரம் சாலையில் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றில் அவருக்கு உத்தியோகம். சென்ற வாரம் மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு தம்முடைய துறையைப் பற்றி எனக்கு விளக்கினார். பிளஸ் டூவோடு கணக்கைத் தலைமுழுகியவன் நான். ஆனாலும் அவர் சொன்னது புரிந்தது. புரிந்ததோடு நில்லாமல் சுடவும் சுட்டது.

டவரே இல்லாத இடத்தில் நூறு பேர் ஆளுக்கொரு கருவியோடு நடமாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செய்தியை மற்றவர்கள் கைமாற்றிக் கைமாற்றித்தான் உரியவரிடம் சேர்க்க வேண்டும். எல்லோரும் நகர்ந்துகொண்டே இருப்பதால் இன்றைய வழி நாளைக்கு உதவாது. ஆகவே வேண்டும்போது மட்டும் வழி கேட்பது என்று ஒரு முறை வகுத்தார்கள். பெர்கின்ஸ், எலிசபெத் பெல்டிங்-ராயர், சமீர் தாஸ் ஆகிய மூவர் 2003 ஜூலையில் வெளியிட்ட ‘ஏஓடிவி’ விதிகள் அவற்றுள் பெயர்பெற்றவை. கருவி தன் அண்டை அயலைக் கேட்கிறது. அவை தம் அண்டையைக் கேட்கின்றன. உரியவர் கிடைத்ததும், கேள்வி வந்த சுவட்டிலேயே பதில் திரும்பி வருகிறது. வழி அறுந்துவிட்டால், அதைக் கண்ட கருவி, தன்னை நம்பியிருந்தவர்களுக்கு ‘இனி என் வழியே போகாது’ என்று சொல்லியாக வேண்டும்.

பிறர் செய்தியைச் சுமந்தால் தன் பாட்டரி அல்லவா தீரும்? சுமக்க மறுப்பவன் இருக்கத்தான் செய்வான். அவனால் பெரிய தீங்கில்லை என்றார் நண்பர். கேள்வி அவனைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்விடும். ‘வழி எனக்குத் தெரியும், என்னிடம் கொடு’ என்று வாங்கிக்கொண்டு நடுவில் போட்டுவிடுகிறவன்தான் ஆபத்தானவன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2000-இல் இத்தகையவர்களைப் பற்றி ஆராய்ந்து, அண்டைக் கருவி வாங்கியதை மேலே அனுப்புகிறதா என்று காதுகொடுத்துக் கேட்க ஒரு ‘காவல் நாய்’ ஏற்பாடு செய்தார்களாம். அது பொய்யனைத் தண்டிப்பதில்லை. அவனை விட்டு வேறு வழி தேட உதவும், அவ்வளவுதான்.

நண்பர் இதைச் சொன்னபோது நான் வேறெங்கோ பார்த்தேன்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தது. மறுநாள் இதே நாவலூரில் மின்சாரம் இல்லை, செல்போன் வேலை செய்யவில்லை. சாலையெல்லாம் மரங்கள். நான் சோழிங்கநல்லூர்ப் பக்கம் புறப்பட்டதைப் பார்த்து, எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து ஒரு சீட்டைக் கையில் திணித்தார். மகள் வீட்டு விலாசம்.

“தம்பி, நான் நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவ பிள்ளைத்தாச்சி, பயந்துட்டிருப்பா.”

“சொல்லிவிடுகிறேன், அம்மா” என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது அந்தச் சொல்! முடியாது என்றால் நம்மைக் கல்நெஞ்சன் என்பார்களே என்ற கூச்சம். இரக்கமென்று அதற்குப் பெயர் சூட்டிக்கொள்கிறோம். சோழிங்கநல்லூரில் அந்தத் தெரு முழங்காலளவு தண்ணீரில் கிடந்தது. திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று என் காரியத்தைக் கவனிக்கப் போனேன். திரும்பும்போது இருட்டிவிட்டது.

இரண்டு நாள் அந்த அம்மாள் கண்ணில் படாமல் நடமாடினேன். மூன்றாம் நாள் காலை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“சொன்னீங்களா தம்பி? எப்படி இருக்கா? நேத்துகூட மெக்கானிக் பையன் அந்தப் பக்கம் போறேன், ஏதாச்சும் சொல்லணுமான்னு கேட்டான். ஏற்கெனவே ஆள் போயாச்சுடான்னு அனுப்பிட்டேன்.”

முதல் நாளே முடியாது என்று சொல்லியிருந்தால், அந்தப் பையன் போயிருப்பான். தண்ணீரைக் கண்டு திரும்பிய அன்றைக்காவது வந்து சொல்லியிருந்தால், அப்போதும் போயிருப்பான். வாயைத் திறக்காமலே சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். மழையில் நனைந்து மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை மெல்லப் பிரித்து எழுத்து தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு தெருவில் சைக்கிளில் போன பால்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.