மலையேறி வந்த அம்மையப்பர்



ஒரு கனிக்காகக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுச் சென்ற பிள்ளையைத்தான் பழனியாண்டவர் என்று உலகம் கையெடுத்துக் கும்பிடுகின்றது. உலகை முதலில் வலம் வருபவருக்கே கனி என்றார் சிவபெருமான். குமரன் மயிலேறிப் புறப்பட்டான். விநாயகரோ தாய் தந்தையரை வலம் வந்து கனியைப் பெற்றுக்கொண்டார். களைத்துத் திரும்பிய இளைய பிள்ளைக்கு ஏமாற்றமே மிஞ்சியது. கோவணமும் தண்டுமாக மலையிற் போய் நின்றான் என்பது பழனியைப் பற்றி வழிவழியாக வரும் வரலாறு.

இக்கதையைக் கேட்போர் மூத்த பிள்ளையின் அறிவை வியப்பதோடு நின்றுவிடுவதுண்டு. பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அதன் பிற்பகுதியையே. "பசித்தால் தானே வருவான்" என்று அம்மையப்பர் கயிலையில் இருந்துவிடவில்லை. "அண்ணனைப் பார்" என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிள்ளை நின்ற இடத்திற்குத் தாமே வந்து, "பழம் நீ" என்று தேற்றினார்கள். கனி கிடைக்காததால் உன் மதிப்புக் குறையவில்லை என்பதே அதன் பொருள்.

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் நாளில் தோட்டத்து வீடுகளிலும் இக்கதை நடக்கின்றது. பெரட்டுக்குப் போய், நாளெல்லாம் கொழுந்தெடுத்துப் படிக்க வைத்த தாய்க்கு மனம் தாங்காது. "அடுத்த காம்பராப் பிள்ளை பாஸ் பண்ணவில்லையா?" என்ற வார்த்தை வாயில் வந்துவிடும். பிள்ளையோ சாப்பிடாமல் போர்வைக்குள் முகத்தை மறைத்துக் கிடக்கும். லயத்துக் காம்பராவில் தனியே இருந்து அழுவதற்குக்கூட இடமில்லை. பரீட்சை மட்டுமன்று, நட்பு முறிந்தாலும், வெளிநாடு சென்ற தாயின் நினைவு வந்தாலும் இதே நிலைதான்.

அந்நேரம் புத்திமதிக்குரிய நேரமன்று. ஒரு கோப்பைத் தேநீரைக் கையில் கொடுத்து அருகில் அமர்ந்தாலே போதும். வீட்டில் பேச வசதியில்லையேல், தேயிலை மலைப் பாதையில் கூட்டிக்கொண்டு நடக்கலாம். பிள்ளை பேசத் தொடங்கினால் இடைமறிக்காமல் முழுவதையும் கேட்க வேண்டும். மீண்டும் பரீட்சை எழுதுவதையும் தொழிற்பயிற்சி பெறுவதையும் மனம் ஆறிய பின்னர் பேசிக்கொள்ளலாம்.

பெற்றோர் சொல் ஏறாத வேளையும் உண்டு. 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் ஔவையாராக வந்து முருகனைத் தேற்றுவதைப் பலரும் பார்த்திருப்பர். அதுபோலப் பிள்ளை மதிக்கும் மாமா, பாட்டி, ஆசிரியர் ஒருவரை அழைப்பதில் குறைவொன்றுமில்லை.

"இனி வாழ்ந்து என்ன பயன்" என்று பிள்ளை சொன்னால் அதை விளையாட்டாக எண்ணலாகாது. தனியே விடாமல், உன்னைத் தொந்தரவு செய்யும் எண்ணம் என்னவென்று அன்போடு நேரிற் கேட்க வேண்டும். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துகளைப் பூட்டி வைக்க வேண்டும். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். கொடிய பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்ட பின் அத்தொகை பெரிதும் குறைந்தது. கைக்கெட்டாமல் வைப்பதே உயிர் காக்கும் என்பதற்கு இது சான்று. தேசிய மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 ஆகிய இலக்கங்களை அழைக்கலாம். வைத்தியரிடம் கூட்டிச் செல்வதும் வெட்கமன்று.

திருவிழாக் காலத்தில் பெரகலச் சந்தி தாண்டி, கொஸ்லந்தை, வெல்லவாய வழியாகக் கதிர்காமக் கந்தனைத் தேடி அடியார்கள் செல்கின்றனர். அவனைக் காண அத்தனை தூரம் போகும் கால்கள், காம்பரா மூலையில் கோபித்திருக்கும் பிள்ளையிடமும் நாலடி நடக்கட்டும். அதுவும் முருக வழிபாடே.

எல்லா வீட்டுப் பிள்ளைகளும் மனம் குளிர்ந்து வாழக் கந்தப்பெருமான் திருவருள் கிட்டுவதாக.

சுபம்.